கொக்கு இல்ல பாஸ், உள்ளான்!



பீச்சுக்குப் போனா என்னெல்லாம் பார்ப்பீங்க? தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், பலூன் சுடுற கடை, குதிரை, குடைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற நம்ம டிபார்ட்மென்ட் ஜோடி. சரி, அலை வந்து திரும்புற ஈர மணல்ல, கீ கொடுத்த பொம்மை மாதிரி குடுகுடுன்னு ஓடுற சாம்பல் கலர் குட்டிப் பறவையைப் பார்த்திருக்கீங்களா? அலை வந்தா மேல ஓடும். அலை போனா கீழ ஓடும். ஒருநாள் பூரா இதே வேலைதான்!

'அதுவா? ஏதோ கொக்கு குஞ்சுப்பா'ன்னு சொல்லிட்டுப் போறவங்கதான் நம்மள்ல முக்கால்வாசி பேர். நம்ம ஊர்ல வெள்ளையா, தண்ணிக்குப் பக்கத்துல நின்னா அது கொக்கு. கறுப்பா இருந்தா காக்கா. அதோட சிலபஸ் முடிஞ்சுது!

அந்தக் குட்டிக்குப் பேர் சாண்டர்லிங். உள்ளான் குடும்பம். வட துருவத்துக்குப் பக்கத்துல முட்டையிட்டு, குஞ்சு பொரிச்சுட்டு, குளிர் ஆரம்பிக்கிறதுக்குள்ள இங்கே வந்து சேர்ந்த கெஸ்ட். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது, லக்கேஜும் கிடையாது. இந்த வாரம் இந்த மாதிரி கெஸ்ட்டுங்களைத் தேடிக் கரையோரமா ஒரு நடை போவோமா?

எங்கே இருந்து வர்றாங்க?

கொசு உள்ளான்னு ஒண்ணு இருக்கு. இங்கிலீஷ்ல லிட்டில் ஸ்டின்ட். எடை 20, 25 கிராம்தான். மூணு பத்து ரூபாய் நாணயத்தைக் கையில வெச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஒரு முழுப் பறவை! இது ரஷ்யாவோட ஆர்க்டிக் பகுதியில இருந்து நம்ம கரைக்கு வருது. சைபீரியாவோட வடக்கு முனையில இருந்து நாகப்பட்டினத்துக்கு நேர்கோடு போட்டாலே சுமார் 7,000 கிலோமீட்டர். நமக்கோ தாம்பரத்துல இருந்து காலேஜ் பஸ்ல போய் இறங்கினாலே முதல் பீரியட் தூக்கம்.

இதுக்கெல்லாம் எரிபொருள் என்ன? கொழுப்பு. மெக்கானிக்கல் மக்களே, இங்கே கொஞ்சம் கவனிங்க. ஒரு கிராம் பெட்ரோல்ல சுமார் 45 கிலோஜூல் சக்தி இருக்கு. ஒரு கிராம் கொழுப்புல சுமார் 39. நம்ம செல்போன்ல இருக்கிற லித்தியம் பேட்டரியில ஒரு கிராமுக்கு ஒரு கிலோஜூல்கூடத் தேறாது. ஆக, இந்தப் பறவை கிட்டத்தட்ட பெட்ரோல் டேங்க்கையே உடம்புக்குள்ள கட்டிக்கிட்டுப் பறக்குது!

இந்தக் கூட்டத்தோட ரெக்கார்டு ஹோல்டர், பட்டைவால் மூக்கன். 2022 அக்டோபர்ல, பிறந்து சுமார் அஞ்சே மாசமான ஒரு பறவை அலாஸ்காவுல கிளம்பி ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியாவுல இறங்குச்சு. தூரம் 13,560 கிலோமீட்டர். நேரம் 11 நாள், 1 மணி. நடுவுல ஹால்ட்டே கிடையாது. சாப்பாடும் கிடையாது. கடல்ல இறங்கி ரெஸ்ட் எடுக்கிற உடம்பும் இல்லை. முதுகுல ஒட்டியிருந்த சேட்டிலைட் கருவி சொன்ன கணக்கு இது. வகுத்துப் பார்த்தா சராசரியா மணிக்கு 51 கிலோமீட்டர். இதே இனத்துப் பறவைங்க குறைஞ்ச எண்ணிக்கையில நம்ம கரைக்கும் வருதுங்க. என்ன, ஃபேமிலிதான் வேற.

செமஸ்டர் மாதிரியே சீசன்!

இவங்க டைம்டேபிளைப் பார்த்தா நம்ம யுனிவர்சிட்டிதான் போட்டுக் கொடுத்துச்சோன்னு சந்தேகம் வரும். ஆட் செமஸ்டர் சூடு பிடிக்கிற ஆகஸ்ட், செப்டம்பர்ல வர ஆரம்பிப்பாங்க. ஈவன் செமஸ்டர் எக்ஸாம் வர்ற ஏப்ரல்ல மூட்டை கட்டுவாங்க.

தேடிப் போக பெஸ்ட் டைம் ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும். காரணம் சிம்பிள். வடகிழக்குப் பருவமழை முடிஞ்ச கையோட கழிமுகம், ஏரி எல்லாம் நிரம்பியிருக்கும். குட்டைக்கால் பறவை முங்கிப் போற ஆழம். தை, மாசியில தண்ணி வத்த வத்த சேறு வெளியே வரும். அந்தச் சேறுதான் இவங்களுக்கு மெஸ் ஹால். புழு, நத்தை, சின்னச் சிப்பி, பூச்சின்னு ஃபுல் மீல்ஸ்!

நாகப்பட்டினம் பக்கம் வலை காய வெச்சுக்கிட்டிருந்த ஒரு அண்ணன்கிட்ட, "இதெல்லாம் எப்ப வரும்ணே?"ன்னு கேட்டேன்.

"வாடை விழுந்தா நிறைஞ்சுடும் தம்பி. சித்திரை வெயிலு ஏறுனா ஒண்ணு நிக்காது. எங்க அப்பாரு காலத்துலேருந்து இதே கணக்குதான்"னாரு. புக்கைப் புரட்டினா அதுவும் அதையேதான் சொல்லுது. அண்ணன் ரெண்டே வரியில முடிச்சுட்டாரு!

ஒரே மெஸ், தனித்தனி கவுன்ட்டர்

ஒரே சேத்துத்திட்டுல ஏழெட்டு வகைப் பறவை அடிதடி இல்லாம சாப்பிடும். எப்படி? அலகோட நீளம்தான் அட்ஜஸ்ட்மென்ட். கொசு உள்ளான் மேலாக்குல கொத்தும். வளைமூக்கு உள்ளான் ரெண்டு மூணு சென்டிமீட்டர் உள்ளே விடும். மூக்கன் முகம் முட்டுற வரைக்கும் அலகை இறக்கும். குதிரை மலைக்கோட்டான்னு நம்ம ஆளுங்க சொல்ற கர்லியூ, கதிரரிவாள் மாதிரி வளைஞ்ச அலகால நண்டு வளையையே துழாவும். கல்திருப்பி உள்ளானுக்கு வேற ஸ்டைல். பேருக்கு ஏத்த மாதிரி கல்லு, சிப்பி, பாசின்னு எல்லாத்தையும் புரட்டிப் போட்டு அடியில இருக்கிறதை எடுக்கும்.

உள்ளான் அலகோட நுனியில அழுத்தத்தை உணர்ற நுண்ணிய உறுப்புகள் நெருக்கமா இருக்கு. கண்ணுல பார்க்காமலே சேத்துக்குள்ள இரை எங்கே இருக்குன்னு அதுக்குத் தெரியும். அதோட, பல உள்ளான்களுக்கு அலகு முழுசையும் திறக்காம நுனியை மட்டும் திறந்து மூடுற வசதி இருக்கு. மண்ணுக்குள்ள புதைஞ்ச இடுக்கி! ரோபோட்டிக்ஸ் கிளப்ல கிரிப்பர் டிசைன் பண்ண ராத்திரி பூரா உட்கார்ந்து மண்டையை உடைக்கிறோமே, அதோட வொர்க்கிங் மாடல் கோவளத்துல ஃப்ரீயா நடமாடுது!

உப்புக்கொத்தி வகையறா மட்டும் டச் பண்ணித் தேடாது. அதுக்குப் பெரிய கண்ணு. ஓடும், டக்குனு நிக்கும், பார்க்கும், ஒரே கொத்து. தூரத்துல இருந்து கலர் தெரியலைன்னாலும் நடையை வெச்சே ஆளைச் சொல்லிடலாம். ஓடு, நில், கொத்துன்னா உப்புக்கொத்தி. தலையைக் கவுத்துக்கிட்டே தையல் மெஷின் மாதிரி குத்திக்கிட்டுப் போனா உள்ளான். இந்த ஒரு பாயின்ட் போதும், பாதி மார்க் உங்களுக்கு!

மிச்ச மார்க்குக்கு முதல்ல நாலு பேரை மட்டும் பழகிக்கோங்க. சிவப்புக் கால்னா பவளக்காலி. பச்சைக் கால்னா பச்சைக்காலி. ரோஸ் கலர்ல குச்சி மாதிரி நீளக் கால்னா நெடுங்கால் உள்ளான். கூட்டத்துலேயே பொடிசா, கறுப்புக் கால்னா பெரும்பாலும் கொசு உள்ளான். இந்த நாலும் கண்ணுல ஒட்டிக்கிட்டா, 'இது வேற யாரோ'ன்னு அஞ்சாவது ஆள் தானா உறுத்தும். அரிய பறவையைக் கண்டுபிடிக்கிறதோட சீக்ரெட்டே அதுதான். சாதாரணப் பறவையை நல்லாத் தெரிஞ்சவன் கண்ணுக்குத்தான் அசாதாரணம் சிக்கும்.

கரண்டி மூக்கு ஸ்டார்

உள்ளான் தேடுறவங்களோட கனவுப் பறவை, ஸ்பூன்-பில்டு சாண்ட்பைப்பர். அலகு நுனியில குட்டிக் கரண்டி! ரஷ்யாவோட வடகிழக்கு மூலையான சுகோட்கா பக்கம் முட்டையிடும். 2008-ல இருந்து உலக அளவுல 'மிக அருகிவிட்ட இனம்'. இப்போ மொத்தமா சில நூறு பறவைங்கதான் மிஞ்சியிருக்கு. நம்ம காலேஜ்ல ஒரு டிபார்ட்மென்ட்ல இருக்கிற பசங்க எண்ணிக்கை!

இதுல நமக்கென்ன? 1980-கள்ல பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்காரங்க நம்ம கோடியக்கரையில வலை போட்டு, பறவைங்க காலுக்கு வளையம் மாட்டுற வேலை செஞ்சாங்க. அப்போ இந்தக் கரண்டி மூக்கு அங்கே பதிவாகியிருக்கு. உலகமே தேடுற ஆளு, வேதாரண்யம் பஸ் ஸ்டாண்டுல இருந்து சுமார் பத்து கிலோமீட்டர்ல வந்து நின்னுருக்கார்!

மறுபடி வருமா? வந்தா யார் கண்ணுல படும்? இங்கேதான் சிக்கல். சைஸ், கலர் எல்லாம் கொசு உள்ளான் மாதிரியேதான் இருக்கும். பக்கவாட்டுல பார்த்தா கரண்டியே தெரியாது, சாதா அலகு மாதிரி ஏமாத்தும். நேருக்கு நேர் திரும்பினாத்தான் அந்தக் கரண்டி தெரியும். அதனால 400 கொசு உள்ளான் இருக்கிற கூட்டத்துல, ஒவ்வொருத்தரும் நம்ம பக்கம் திரும்புற வரைக்கும் காத்திருந்து 400 மூஞ்சியையும் பார்க்கணும். 399 ஏமாற்றத்துக்கு ரெடியா இருக்கிறவன் மட்டும் இந்த ஆட்டத்துக்கு வரலாம்.

கோடியக்கரை 1967-ல சரணாலயம் ஆச்சு. முதல் ஹீரோ வெளிமான். 2002-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்துச்சு. கிழக்குக் கடற்கரை சட்டுனு மேற்கே திரும்புற மூலை அது. வடக்கே இருந்து வர்ற பறவைக்கு 'டேர்னிங்ல பெரிய ஸ்டாப்பிங்'. ராஜாஜி 1930-ல உப்பு அள்ளின அதே வேதாரண்யத்து உப்பளங்கள், இன்னைக்கும் ஆயிரக்கணக்கான உள்ளானுக்கு இளைப்பாறுற இடம். உப்பு கம்மியா இருக்கிற பாத்திகள்ல சாப்பாடும் கிடைக்கும். பூநாரைக் கூட்டமும் பார்க்கலாம். காட்டுக்குள்ள போகணும்னா வனத்துறை அனுமதி கட்டாயம்.

அவ்வளவு தூரம் போக காசில்லையா? சென்னைன்னா கோவளம், முட்டுக்காடு கழிமுகம், பள்ளிக்கரணை, பழவேற்காடு. விழுப்புரம், புதுச்சேரி மக்களுக்குக் கழுவேலி. தெற்கேன்னா தூத்துக்குடி உப்பளம், தனுஷ்கோடி, மணக்குடி. லோக்கல்லயே சீட் இருக்கு!

நம்ம ஊர் ஹனுமன்!

எல்லாரும் ஃபாரின் ரிட்டர்ன் இல்லை. ராமேஸ்வரம், தனுஷ்கோடி மணல்ல ஒரு குட்டி உப்புக்கொத்தி இங்கேயே கூடு கட்டி இங்கேயே வாழுது. ரொம்ப வருஷமா இதைக் கென்டிஷ் பிளவரோட உள்ளூர் பிராஞ்ச்னு நெனைச்சிருந்தாங்க. 2023-ல மரபணு, உருவம் எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து, 'இல்லை, இது தனி இனம்'னு சொல்லிட்டாங்க. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதோட வீடு. ராமர் பாலத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கிறதால வெச்ச பேர், ஹனுமன் பிளவர். நம்ம காலுக்குக் கீழே இவ்வளவு நாளா ஒரு தனி இனம் அட்டெண்டன்ஸ் இல்லாமலேயே ஓடிக்கிட்டிருந்திருக்கு!

இது மணல்ல சின்னதா ஒரு பள்ளம் பறிச்சு முட்டை வைக்கும். முட்டையும் மணல் கலர். பைக்கை பீச்சுக்குள்ள இறக்கி 'வீலிங்' விடுறவனுக்கு அது தெரியவே தெரியாது. டயர் தடம் மட்டும்தான் மிஞ்சும்.

கிளம்புறதுக்கு முன்னாடி...

* பைனாகுலர் வாங்கினா 8x42 வாங்குங்க. 8 மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர். ரெண்டையும் வகுத்தா 5.25. அதுதான் கண்ணுக்கு வர்ற ஒளிவட்டத்தோட அகலம். விடியக்காலை மங்கல்லயும் நல்லாத் தெரியும். 10 மடங்குன்னு ஆசைப்பட்டா கை நடுக்கமும் 10 மடங்கு. நாலு பேர் ஷேர் போட்டு ஒண்ணு வாங்குங்க.

* காலையில பீச்ல நின்னு கடலைப் பார்த்தா எதிர் வெயில். எல்லாப் பறவையும் கறுப்பாத்தான் தெரியும். காலையில கழிமுகத்துக்குக் கிழக்கே நின்னு மேற்கே பாருங்க. சாயங்காலம் பீச்சுக்கு வாங்க.

* வீட்டு தினசரி காலண்டர்ல அமாவாசை, பௌர்ணமியைப் பாருங்க. அந்த நாட்கள்ல கடல் அதிகமா ஏறி, அதிகமா வத்தும். நம்ம கரையில ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். ஆனா தட்டையான சேத்துல அது போதும். வத்தும்போது பறவை பரவி மேயும். ஏறும்போது ஒரே திட்டுல கூடும், எண்ணுறதுக்கு அதுதான் நேரம்.

* சேத்துக்குள்ள தனியா இறங்காதீங்க. முழங்கால் போனா ஷூ போச்சு, இடுப்பு போனா ஆளே போச்சு. உள்ளூர்க்காரங்ககிட்ட கேட்டுட்டு நடங்க.

* காலுல கலர் கொடியோ வளையமோ தெரிஞ்சா ஜாக்பாட்! எந்தக் கலர், எந்தக் கால், எழுத்து, நம்பர், இடம், நேரம் எல்லாம் குறிச்சுக்கோங்க. எந்த நாட்டுல மாட்டினதுன்னு அதை வெச்சுக் கண்டுபிடிச்சுடலாம்.

* 'அரிய பறவை!'ன்னு கத்துறதுக்கு முன்னாடி போட்டோ, வீடியோ, நோட்ஸ் மூணும் எடுங்க. ஆதாரம் இல்லாத ரெக்கார்டு, ரெக்கார்டே இல்லை. கூடு இருக்கிற இடத்தை மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க.

ஒரு சீரியஸ் மேட்டர்

இத்தனை வாரம் இந்தப் பக்கத்துல ஜாலியாப் பேசிக்கிட்டிருந்தோம். இப்போ ரெண்டு நிமிஷம்.

2024 அக்டோபர்ல வந்த உலக சிவப்புப் பட்டியல்ல, 16 வகைக் கரைப்பறவைகளை முன்னைவிட அதிக ஆபத்துல இருக்கிற வரிசைக்கு மாத்தினாங்க. அதுல யார் யார்னு பார்த்தா, வளைமூக்கு உள்ளான், கிரே பிளவர், கல்திருப்பி. எல்லாரும் நம்ம கோடியக்கரை, பழவேற்காடு கெஸ்ட்டுங்க. 'எப்பவும் இருக்குமே'ன்னு நாம நெனைச்ச சாதாப் பறவைங்க!

காரணம் ஒண்ணு ரெண்டு இல்லை. ஆனா பெரிய காரணம், நடுவுல இறங்குற இடம் காணாமப் போறது. தென் கொரியாவுல சேமாங்கம்னு ஒரு இடம். 2006-ல 33 கிலோமீட்டருக்குக் கடல்சுவர் கட்டி, சுமார் 400 சதுர கிலோமீட்டர் கழிமுகத்தையும் ஆழமில்லாக் கடலையும் அடைச்சாங்க. அங்கே லட்சத்துக்குப் பக்கத்துல வந்துக்கிட்டிருந்த கிரேட் நாட் பறவைங்க மளமளன்னு குறைஞ்சுபோச்சு. வேற இடத்துக்குப் போகலாமேன்னு கேட்கலாம். 4,000 கிலோமீட்டர் பறந்து டேங்க் காலியாகி இறங்குறவனுக்கு, பங்க்கை மூடிட்டோம், அடுத்த ஊருக்குப் போன்னா எங்கே போவான்?

கொரியாவைச் சொல்லிட்டு நாம தப்பிச்சுக்க முடியாது. ஓ.எம்.ஆர்-ல கண்ணாடிக் கட்டடம் ஒவ்வொண்ணையும் பார்த்து, 'இதுல பிளேஸ்மென்ட் கிடைக்கணும்'னு வேண்டிக்கிறோமே, நானும்தான். அதுக்குப் பக்கத்துலயே ஒரு காலத்துல பல மடங்கு பெருசா இருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு, இன்னைக்கு ரோட்டுக்கும் குப்பைக்கும் நடுவுல ஒடுங்கி நிக்குது. 2022-ல அதுக்கு ராம்சர் அந்தஸ்து கிடைச்சது சந்தோஷம். ஆனா நாளைக்கு லேஅவுட் போடப் போறதும், மண் டெஸ்ட்ல கையெழுத்துப் போடப் போறதும், 'இது வேஸ்ட் லேண்ட்'னு ரிப்போர்ட் எழுதப் போறதும் யாரு? நம்ம கிளாஸ்ல உட்கார்ந்திருக்கிற சிவில், என்விரான்மென்டல் பசங்கதான். சேறுன்னா வேஸ்ட் இல்லைன்னு ஒரு தடவை பைனாகுலர்ல பார்த்த இன்ஜினீயர், அந்த வார்த்தையை எழுதுறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் பேனாவை நிறுத்துவான். அந்த ஒரு செகண்ட்ல ஒரு ஏரியே பிழைக்கலாம்.

பெரிய விஷயம் இருக்கட்டும், நாம போறப்பவே ஒண்ணு செய்யலாம். கூட்டத்தைப் பார்த்ததும் 'பறக்குற ஷாட் வேணும்'னு கை தட்டி விரட்டுறதை நிறுத்தலாம். மார்ச் மாசத்துல ஒவ்வொரு பறவையும் ஊர் திரும்பறதுக்காகக் கொழுப்பைக் கிராம் கிராமாச் சேர்த்துக்கிட்டிருக்கும். ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் சாப்பாட்டு நேரமும் போச்சு, சேர்த்த எரிபொருளும் போச்சு. நமக்கு ஒரு லைக், அதுக்குக் கொஞ்சம் கொழுப்பு. அந்தக் கொஞ்சம் இல்லாம சைபீரியாவுக்கு முன்னாடியே அது விழுந்துட்டா, நம்ம போட்டோவுல அதோட பேர்கூட இருக்காது.

பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்த்தா, அதுதான் எல்லை. நில்லுங்க. உட்காருங்க. அஞ்சு நிமிஷம் அசையாம இருந்தா, அதுவே உங்க பக்கம் மேஞ்சுக்கிட்டு வரும்.

இந்த வார அசைன்மென்ட்

2015-ல இருந்து தமிழ்நாட்டுல பொங்கல் லீவுல பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. 15 நிமிஷம் ஒரு இடத்துல நின்னு, பார்த்த பறவைங்களை எண்ணி இ-பேர்ட்ல ஏத்தினாப் போதும். பிப்ரவரியில கேம்பஸ் பறவைக் கணக்கெடுப்பும் உண்டு, காலேஜ் வளாகத்துக்குள்ளேயே செய்யலாம். ஜனவரியில நடக்கிற ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-ல இருந்தே ஓடிக்கிட்டிருக்கு. இப்படி சேர்ற எண்கள்தான், 'இந்த இடத்துல கை வைக்காதே'ன்னு சொல்றப்ப மேஜையில எடுத்து வைக்க முடியுற ஆதாரம். பூஜ்யம்னாலும் எழுதுங்க. போன வருஷம் 300 இருந்த இடத்துல இந்த வருஷம் பூஜ்யம்னா, அதைவிட முக்கியமான டேட்டா என்ன இருக்கு?

ஸோ, வர்ற சண்டே அலாரம் அஞ்சு மணிக்கு. ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு, ஒரு தொப்பி, ரெண்டு ஃப்ரெண்ட்ஸ். வழியில டீக்கடை நிச்சயம். உங்களுக்குப் பக்கத்துல இருக்கிற கரையில எத்தனை வகை பார்த்தீங்கன்னு எழுதி அனுப்புங்க. யார் கண்டது, உங்க நானூறாவது கொசு உள்ளான் திரும்பிப் பார்க்கும்போது மூக்குல கரண்டி இருந்தாலும் இருக்கலாம்!

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம். டாட்டா!